ஒரு மாத நாவல்: நாள்கணக்கு பிசகாமல் எழுதி முடிக்க

ஒரே மாதத்தில் ஒரு நாவலின் முதல் வரைவை எழுதி முடிப்பது என்ற சவால், 1999இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கிறிஸ் பேட்டி என்பவரும் நண்பர்களுமாக 21 பேர் சேர்ந்து தொடங்கியது. முதல் வருஷம் ஜூலையில் நடந்தது, மறு வருஷமே நவம்பருக்கு மாறியது. இலக்கு 50,000 சொல். முப்பதால் வகுத்தால் நாளுக்கு 1,667. நானோரைமோ என்ற பெயரில் இதை நடத்திவந்த அமைப்பு 2025இல் மூடப்படுவதாக அறிவித்துவிட்டது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. சவாலுக்கு ஒரு காலண்டரும் நாலு கூட்டாளிகளும் இருந்தால் போதும்.

நெல்லை, பாளை, தென்காசிப் பக்கத்திலிருந்து முதன்முறையாக இதில் இறங்குகிறவர்களுக்கு இந்தக் குறிப்புகள். நல்ல நாவல் எழுதுவது எப்படி என்பது இதில் கிடையாது. தினமும் எழுதவேண்டிய சொற்களை எழுதி, மாதக் கடைசியில் கணக்கை நேர்செய்வது எப்படி என்பது மட்டும்தான்.

இலக்கைத் தமிழுக்கு மாற்றுங்கள்

50,000 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில்தான் முதல் சறுக்கல். ‘போகவேண்டியிருந்ததால்’ என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு ஐந்து சொல்லாவது ஆகும். வேற்றுமை உருபு, காலம், எண், இடம் எல்லாம் நம்மிடம் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்வதால், அதே நீளக் கதை தமிழில் குறைந்த சொற்களில் முடிந்துவிடும். ஆகவே முதன்முறை எழுதுகிறவருக்கு 30,000 தாராளம். அச்சில் பக்கத்துக்கு 200 சொல் என்று வைத்தால் 150 பக்கம். அதை யாரும் சின்னப் புத்தகம் என்று சொல்லமாட்டார்கள்.

அந்த 30,000கூட உங்கள் கைக்கு அடங்குமா என்று முன்வாரமே பார்த்துவிடுங்கள். மூன்று நாள், நாளுக்கு 15 நிமிஷம், மனதில் இருக்கும் ஏதாவது ஒரு காட்சியை எழுதுங்கள். எங்கிருந்தோ பார்த்து நகல் எடுத்தால் கணக்கு பொய்யாகிவிடும், யோசித்தே எழுதவேண்டும். சராசரி 150 சொல் வந்தால் மணிக்கு 600. 30,000க்கு நாளுக்கு 1,200 சொல் எழுதவேண்டும் (ஏன் 1,000 இல்லை என்பது பின்னால் வரும்); அப்படியானால் அதற்கு இரண்டு மணி நேரம் வேண்டும். வேலை, வீடு, பிள்ளைகள் போக ஒரு மணி நேரம்தான் மிஞ்சும் என்றால் இலக்கை 15,000 ஆக்கிக் குறுநாவல் எழுதுங்கள். வேகத்தை அளக்காமல் இலக்கு வைத்தவர்கள்தான் முதல் வாரத்திலேயே கைவிடுகிறார்கள்.

வேகம் கூட்டவேண்டும் என்று சவால் மாதத்திலேயே புது விசைப்பலகை பழகாதீர்கள். தமிழ்99 முறையில் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். தட்டல்கள் குறையும், கை வலிக்காது. ஆனால் விரல் பழக வாரக்கணக்கில் ஆகும். வேண்டுமானால் இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். இல்லையென்றால் இப்போது எதில் வாட்ஸ்அப் அனுப்புகிறீர்களோ அதிலேயே எழுதுங்கள்.

எந்த மாதம்?

நவம்பரில்தான் எழுதவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. நம் பக்கம் நவம்பர் என்றால் ஐப்பசிக் கடைசியும் கார்த்திகை முதலும். இரண்டிலும் முகூர்த்தம் உண்டு. பத்திரிகை வந்து குவியும். வடகிழக்குப் பருவமழை வேறு. மழைக்குக் கலெக்டர் விடுமுறை அறிவித்தால் பிள்ளைகள் வீட்டில். சில வருஷம் தீபாவளியும், அதைத் தொடர்ந்து திருச்செந்தூர் சூரசம்ஹாரமும் இதே மாதத்தில் வந்து விழும்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது, அது பெரிய வசதி. கோயில் ஒலிபெருக்கி விடியுமுன்னே எழுப்பிவிடும்; அதைத் திட்டாமல் எழுந்து உட்கார்ந்தால் ஒரு அமர்வு முடிந்துவிடும். ஆனால் மார்கழி முதல் தேதியில் தொடங்கினால் முப்பதாவது நாள் பொங்கலில் வந்து முட்டும். டிசம்பர் 10இல் தொடங்குங்கள், ஜனவரி 8இல் முடிந்துவிடும். வீடு வெள்ளையடிக்கும் வேலை தொடங்குவதற்குள் தப்பித்துவிடலாம். கிறிஸ்தவ வீடுகளுக்கு இந்தக் கணக்கு உதவாது. பாளையில் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு ஆராதனை வரை ஒரு வாரம் எழுத உட்காரவே முடியாது. மேலப்பாளையத்து நண்பர்கள் நோன்பு மாதத்தைத் தவிர்ப்பது நல்லது, தூக்கமே குறைவாக இருக்கும்போது கூடுதல் சுமை வேண்டாம். ஆடியும் முகூர்த்தம் இல்லாத மாதம்தான். ஆனால் தென்காசிக்காரர்களுக்கு ஆகாது. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் சென்னையில் இருக்கிற உறவெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும்.

முப்பது நாளை இருபத்தைந்தாக எண்ணுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிப்பேன் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். 30,000ஐ முப்பதால் வகுத்து 1,000 என்று வைத்தால், ஒரு நாள் தவறினாலே கடன் விழும். கடன் விழுந்த மறுநாள் உட்காரவே மனம் வராது. எண்ணிக்கை தவறுவது சோம்பலால் என்று நினைக்கிறோம். பெரும்பாலும், வரப்போவது தெரிந்திருந்தும் விடுப்புக்கு இடம் விடாததால்தான்.

ஆகவே 25ஆல் வகுங்கள். நாளுக்கு 1,200. மிச்சம் ஐந்து நாள் விடுப்பு. காலண்டரைத் தாளில் வரைந்து மூன்று விடுப்பை இப்போதே வட்டமிடுங்கள்: சொந்தக்காரர் கல்யாணம், கோயில் கொடை, பிள்ளையின் பரீட்சை, கணக்கு முடிக்கும் நாள் என்று உங்களுக்குத் தெரிந்தவை. இரண்டை வட்டமிடாமல் கையில் வையுங்கள். அவை காய்ச்சலுக்கும் மழைக்கும். விடுப்பு நாளில் எழுதவே எழுதாதீர்கள், மனசாட்சி குத்தினாலும். கொஞ்சம் எழுதிப் பார்ப்போம் என்று கல்யாண வீட்டில் போனை எடுத்தால் அங்கேயும் இருக்கமாட்டீர்கள், கதையிலும் இருக்கமாட்டீர்கள்.

முதல் வாரம் உற்சாகம் கூடுதலாக இருக்கும். அதைச் சேமித்துவையுங்கள். ஏழு நாளும் 1,400 எழுதினால் 9,800; திட்டப்படி 8,400தான். கூடுதல் 1,400 என்பது முழுதாக ஒரு நாள் விடுப்பைவிடச் சற்று அதிகம். அதற்காக முதல் நாளே 3,000 எழுதிக் காட்டவேண்டாம். மூன்றாம் நாள் மணிக்கட்டும் கதையும் ஒன்றாக நின்றுவிடும்.

எதில் எண்ணுவது?

கூகுள் டாக்ஸ், வேர்டு, லிப்ரே ஆபீஸ் மூன்றும் இடைவெளியை வைத்து எண்ணுவதால் தமிழுக்குச் சரியாகவே காட்டும். கூகுள் டாக்ஸில் கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எண்ணிக்கை வரும். இணையத்தில் கிடைக்கிற சில இலவசச் சொல் எண்ணிகள் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்தவை. கொம்பு, கால், புள்ளி வருகிற இடத்தில் எல்லாம் சொல்லை வெட்டிவிடும், அல்லது பூஜ்யம் காட்டும். சோதிக்க ஒரு வாக்கியம்: ‘குறுக்குத்துறைக்குப் போன கோமதி இருட்டுவதற்குள் வீடு திரும்பவில்லை.’ ஆறு சொல். வேறு எண் காட்டினால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள். எழுத்து எண்ணிக்கையைப் பார்க்கவே வேண்டாம். உயிர்மெய்யில் மெய்யும் குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் தமிழில் அது எதற்கும் உதவாது.

நோட்டில் எழுதுகிறவர்கள் பத்து வரியில் எத்தனை சொல் என்று எண்ணுங்கள். 62 வந்தால் வரிக்கு 6.2, பக்கத்துக்கு 24 வரி என்றால் ஏறக்குறைய 150. எட்டுப் பக்கம் எழுதினால் அன்றைய 1,200 முடிந்தது. தினமும் எண்ணவேண்டாம், கையெழுத்து வேகத்தில் பெரிதாகும் என்பதால் வாரம் ஒருமுறை மறுபடி எண்ணுங்கள்.

சொல்லைப் பிரித்து எழுதி எண்ணிக்கையை ஏற்றுகிற தந்திரம் எல்லாருக்கும் இரண்டாம் வாரம் தோன்றும். ‘வந்துகொண்டிருந்தான்’ என்பதை ‘வந்து கொண்டு இருந்தான்’ என்று எழுதினால் ஒன்று மூன்றாகும். பிரித்தோ சேர்த்தோ, முதல் நாள் எப்படியோ அப்படியே கடைசிவரை வையுங்கள். இல்லாவிட்டால் திருத்தும்போது நீங்கள்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒட்டவேண்டும்.

ஒரு நாளைப் பகுப்பது

1,200ஐ ஒரே மூச்சில் எழுத நினைக்காதீர்கள். மூன்று அமர்வு, அமர்வுக்கு 400. மணிக்கு 600 வேகக்காரருக்கு ஒரு அமர்வு 40 நிமிஷம். முதல் அமர்வு காலைக் காபிக்கு முன்னாலோ பின்னாலோ, போனில் இணையத்தை அணைத்துவிட்டு. இரண்டாவது பயணத்திலோ மதிய இடைவேளையிலோ. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கோ செங்கோட்டைக்கோ தினசரி ரயிலில் போய்வருகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். உட்கார இடம் கிடைத்தால் 400 சொல் நிச்சயம். பஸ்ஸில் தட்டுவது சிரமம், கண் வலிக்கும். பஸ்காரர்கள் அந்த நேரத்தில் அடுத்த காட்சியை மட்டும் மனதில் ஓட்டிப் பார்த்து, இறங்கியதும் நாலு வரி குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது இரவு சாப்பாட்டுக்குப் பிறகு. மூன்றையும் இரவுக்கு ஒத்திவைப்பதுதான் வழக்கமான தவறு. இரவு பத்தரைக்கு 1,200 சொல்லும் அப்படியே நின்றால் யாருக்கும் தூக்கம்தான் வரும்.

குரல்வழித் தட்டச்சு வேகத்தை இரட்டிப்பாக்கலாம். மொட்டைமாடியில் நடந்துகொண்டே சொல்ல வசதி. குறைகள் மூன்று. நிறுத்தக்குறிகள் பெரும்பாலும் விழாது. ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் தப்பாக விழும். வட்டாரப் பேச்சை அது தனக்குத் தெரிந்த தமிழாக மாற்றிவிடும். அன்றைக்கே ஒருமுறை படித்துப் பெயர்களை மட்டும் சரிசெய்யுங்கள். நாலு நாள் கழித்துப் பார்த்தால் என்ன சொன்னோம் என்று உங்களுக்கே விளங்காது.

வட்டாரப் பேச்சு என்றதும் இன்னொன்று. உரையாடல் வேகமாக எழுத வரும். பாத்திரங்களை நெல்லைப் பேச்சிலேயே பேசவிடுங்கள். ‘சொல்லுதான்’, ‘வாரான்’, ‘பாக்கான்’ என்று எழுதினால் போன் திருத்திக்கொண்டே இருக்கும்; தானியங்கித் திருத்தத்தையும் பிழை காட்டும் சிவப்பு அடிக்கோட்டையும் அணைத்துவிடுங்கள். ‘சொல்லுதான்’ ஓரிடத்திலும் ‘சொல்றான்’ வேறிடத்திலும் வந்தாலும் இந்த மாதம் கண்டுகொள்ளாதீர்கள்.

காட்சிச் சீட்டும் பாதியில் நிறுத்துவதும்

உட்கார்ந்த பிறகு என்ன எழுதுவது என்று யோசித்தால் முதல் இருபது நிமிஷம் போய்விடும். அதற்கு மருந்து, முந்தைய இரவே ஒரு சீட்டு எழுதிவைப்பது. யார், எங்கே, என்ன வேண்டும், என்ன தடை. அவ்வளவுதான். உதாரணத்துக்கு:

*கோமதி. ரேஷன் கடை. மண்ணெண்ணெய் வேண்டும். கார்டு கையில் இல்லை. மைனி எடுத்துப்போயிருக்கிறாள் என்று அங்கேதான் தெரிகிறது.*

இதில் 400 சொல் இருக்கிறதா என்றால், இருக்கிறது. வரிசையில் யார் யார் நிற்கிறார்கள், கடைக்காரர் எந்த மனநிலையில் இருக்கிறார் என்று நூறு. பேச்சு நூற்றைம்பது:

“ஏட்டி, கார்டு எங்க?”

“வீட்டுலதான் இருந்துச்சு அண்ணாச்சி.”

“காலையிலயே ஒங்க மைனி வந்து வாங்கிட்டுப் போயிட்டாளே. ஒன்ட்ட சொல்லலியா?”

பின்னால் நிற்பவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்பதும், கோமதி காலி கேனோடு திரும்பி நடப்பதும் மிச்சத்தை நிரப்பும். கவனியுங்கள், வர்ணனையை இழுத்து எண்ணிக்கை ஏறவில்லை. ஒருத்திக்கு ஒன்று வேண்டும், கிடைக்கவில்லை என்பதால் ஏறியது. வானத்தின் நிறத்துக்கு மூன்று வாக்கியம் எழுதினால் நாலாவதற்குக் கை ஓடாது.

அமர்வை முடிக்கும்போது காட்சி முடிகிற இடத்தில் நிறுத்தாதீர்கள். “ஒன்ட்ட சொல்லலியா?” என்ற இடத்திலேயே நிறுத்துங்கள். கோமதி என்ன பதில் சொல்வாள் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த அமர்வில் முதல் வாக்கியம் தயாராக நிற்கும். தொடங்கும்போது முந்தைய ஒரு பத்தியை மட்டும் படியுங்கள். மேலே போய் முதல் அத்தியாயத்தைத் திருத்தத் தொடங்கினால் அன்றைய எண்ணிக்கை மைனஸில் போகும்.

தகவல் தேடுவதும் அப்படியே. கதையில் சுலோசன முதலியார் பாலம் வருகிறது, அது எந்த வருஷம் திறந்தது என்று சந்தேகம். பார்க்கப் போனால் 1843 என்று ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிடும்; ஆனால் அதைக் கட்டியவர் கதை, அதற்கு முன் ஆற்றை எப்படிக் கடந்தார்கள், பழைய படங்கள் என்று முக்கால் மணி நேரம் போகும். ஆகவே தெரியாத இடத்தில் @@ என்று இரண்டு குறி போட்டுவிட்டு நகருங்கள். ‘@@ஆம் வருஷத்துப் பாலம்’, ‘@@ மணி செங்கோட்டை வண்டி’. மாதம் முடிந்தபின் அந்தக் குறியைத் தேடினால் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

பிடிக்காத பகுதியையும் அழிக்காதீர்கள். வெட்டிக் கோப்பின் கடைசியில் ‘கழிவு’ என்ற தலைப்பின் கீழ் போடுங்கள். நீங்கள் எழுதியதுதானே, எண்ணிக்கையில் இருக்கட்டும்.

பின்தங்கினால்

பின்தங்காதவர் யாரும் இல்லை. பன்னிரண்டாம் நாள் இரவு என்று வையுங்கள். இரண்டு விடுப்பு போக, பத்து நாளுக்கு 12,000 இருக்கவேண்டும், 9,000தான் இருக்கிறது. பலர் ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் 3,000ஐ அடைத்துவிடலாம் என்று உட்கார்ந்து, 1,100இல் எழுந்து, அத்தோடு விட்டுவிடுகிறார்கள். கணக்கை இப்படிப் போடுங்கள்: பாக்கி 21,000. பாக்கி நாள் 18, அதில் விடுப்பு 3 போக 15. நாளுக்கு 1,400. பழைய 1,200ஐவிட 200தான் கூடுதல். அமர்வுக்கு 70 சொல் கூட இல்லை. இப்படிப் புது எண்ணைக் காலண்டரில் எழுதிவிட்டுப் பழைய எண்ணை அடித்துவிடுங்கள். வாரம் ஒருமுறை, ஞாயிறு இரவு மட்டும், இந்த மறுகணக்கு. தினமும் போட்டால் அதுவே ஒரு வேலையாகிவிடும்.

மறுகணக்கில் நாளுக்கு 2,000க்கு மேல் வந்தால் அடம்பிடிக்காதீர்கள். விடுப்பில் ஒன்றைத் திரும்ப எடுங்கள், அல்லது இலக்கை 25,000 ஆக்குங்கள்.

எட்டாம் நாளிலிருந்து பதினைந்தாம் நாள்வரை எல்லாருக்கும் கதை நின்றுபோகும். தொடக்கத்தின் புதுமை போய்விட்டது, முடிவு கண்ணுக்குத் தெரியவில்லை. அப்போது வரிசைப்படி எழுதுவதை நிறுத்திவிட்டு, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பிற்பகுதிக் காட்சி ஒன்றுக்குத் தாவுங்கள். அல்லது வெளியூரிலிருந்து ஒரு ஆளை இறக்குங்கள். பம்பாயிலிருந்து பத்து வருஷம் கழித்து வந்து இறங்குகிற மாமா ஒருவர் எந்தக் கதையையும் நகர்த்திவிடுவார். அவர் கதைக்குத் தேவையில்லை என்று பின்னால் தெரிந்தால் பின்னால் தூக்கிக்கொள்ளலாம்.

கூட்டாளிகள், கரண்டு, நகல்

மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு போதும். இரவு ஒன்பதரைக்கு ஆளுக்கு ஒரு எண் போடவேண்டும். அன்றைய சொல், மொத்தச் சொல். பூஜ்யமானாலும் போடவேண்டும். கதையைப் பகிரக்கூடாது, அபிப்பிராயம் கேட்கக்கூடாது. பாதி நாவலைப் படித்துவிட்டு ஒருவர் நல்லெண்ணத்தோடு சொல்கிற ஒரு வார்த்தை மூன்று நாளை விழுங்கும். பின்தங்கியவர் கேட்டால் எல்லாரும் சேர்ந்து 15 நிமிஷ ஓட்டம் ஓடலாம்: ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் நிறுத்தி எண் போடுவது. ஞாயிறு காலை ஒரு வீட்டுத் திண்ணையில் கூடி உட்கார்ந்தாலும் நல்லதுதான், பேச்சை ஓட்டம் முடிந்தபிறகு வைத்துக்கொண்டால்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை உண்டு. எந்தப் பகுதி என்று நாளிதழில் முன்னரே வரும். அதைப் பார்த்து முந்தைய இரவே மடிக்கணினியையும் போனையும் சார்ஜ் போடுங்கள். கூகுள் டாக்ஸில் ஆஃப்லைன் வசதியைத் திறந்துவையுங்கள். கோப்பு பெரிதானால் போனில் திணறும், ஆகவே வாரத்துக்கு ஒரு கோப்பு. அன்றைய எழுத்தை இரவு எண் போடுமுன் உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். நோட்டில் எழுதுகிறவர்கள் பக்கங்களைப் போனில் படம் எடுங்கள். மழைக்காலத்தில் நோட்டுக்கு பிளாஸ்டிக் உறை அவசியம்.

கடைசி மூன்று நாள் எண்ணிக்கையைவிட முடிவுக்காட்சிக்கு முன்னுரிமை கொடுங்கள். நடுவில் எழுதாத காட்சிகள் இருந்தால் ‘இங்கே கோமதியும் மைனியும் சண்டை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு முடிவுக்குப் போங்கள். முடிவு எழுதியாகி எண்ணிக்கை குறைந்தால், அந்த ஒற்றை வரிகளுக்குத் திரும்பி ஒவ்வொன்றாக விரித்து எழுதலாம். முப்பதாம் நாள் இரவு வாரக் கோப்புகளை ஒன்றாக்கி மொத்தம் எண்ணுங்கள். அந்தக் கோப்புக்குத் தேதி போட்டு ஒரு நகல் பென் டிரைவிலும் ஒன்று மின்னஞ்சலிலும் வையுங்கள். @@ குறிகளைத் தேடிப் பட்டியல் எடுக்கும் வேலையைக் குறைந்தது மூன்று வாரம் கழித்துத் தொடங்குங்கள்.